சுருட்டி ஏற்றும் சுவர்கள்

கெட்டிலில் போடும் டீ எனக்குப் பிடிக்காது. தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவனுக்குப் பாய்லரில் கிடந்து கொதித்த டீதான் டீ. இருந்தாலும் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்த பட்டம்மாள் கொடுத்தால் குடித்துவிடுவேன். சூட்டில் மட்டும் குறை வைக்க மாட்டாள். கடைசி நொடி வரைக்கும் கெட்டிலின் பிளக்கைப் பிடுங்க மனசு வராது அவளுக்கு. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பிறகு தேவைப்படும்.

அதிகாரி அம்மா, நீங்கள் என்னைச் சாட்சியாகத்தான் கூப்பிட்டீர்கள். நாற்காலி போட்டீர்கள், ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தீர்கள். நான் சொல்லச் சொல்ல மூன்று பக்கம் எழுதிக்கொண்டீர்கள். அந்த மூன்று பக்கத்திலும் பொய் என்று எதுவும் இல்லை. ஓர் எண்ணிக்கை மட்டும் விட்டுப்போயிருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதைச் சேர்த்துக் கொடுக்கத்தான் வீட்டில் உட்கார்ந்து என் கைப்பட இதை எழுதுகிறேன்.

பெயர் பொன்னுரங்கம், வயது அறுபத்தாறு. நான் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன். திருவொற்றியூர் முழுக்க இது தெரியும். என் அப்பா கட்டுமரத்தில் போனவர். அவர் திமிங்கிலத்தின் வாலைப் பிடித்து எண்ணூரிலிருந்து காசிமேடு வரைக்கும் வந்து சேர்ந்தார் என்று நான் நாற்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன். அவருக்கு நெத்திலியைத் தவிர வேறு மீனோடு பெரிய பழக்கம் கிடையாது. ஆனால் அளவு என்று வந்துவிட்டால் நான் வேறு ஆள். முப்பத்தொரு வருஷம் எண்ணூரில் ஒரு பெரிய கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவில் இருந்தேன். எந்த டேங்க், எந்தச் சுவரிலிருந்து, எத்தனை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஓய்வு கொடுத்து, சால்வை போட்டு, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கே குளித்து, சட்டை போட்டு, பேனாவைப் பையில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. மகன் திலீப் காதில் எப்போதும் எதையாவது மாட்டியிருப்பான். நான் பேச ஆரம்பித்தால் ஒரு காதிலிருந்து மட்டும் எடுப்பான். மற்றக் காதில் அது ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே என்ன கதை சொல்வது.

பஸ் ஏறிப் பாரிமுனை போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வருவேன். வழியில் வெல்டிங் கடை வாசலில் சிலிண்டர் படுத்துக் கிடந்தால் இறங்கிப்போய் நிமிர்த்தி வைக்கச் சொல்வேன். ஒருத்தன் "பெர்சு, நீ யாரு, கேஸ் கம்பெனி மாப்ளையா? பேஜாரு பண்ணாம போ" என்றான். வீட்டுக்கு வந்து அந்தக் கதையை மருமகளிடம், பத்துப் பேர் சூழ்ந்துகொண்டதாகவும் நான் தனியாளாக எல்லோரையும் அடக்கியதாகவும் சொன்னேன். அவள் "சரிங்க மாமா" என்றாள். சண்டையில் தோற்றுப்போனேன் என்று சொல்லியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். அன்றைக்கு நான் மொட்டைமாடிக்குப் போய் வெகுநேரம் நின்றேன். கைப்பிடிச் சுவர் எத்தனை உயரம் என்று அளந்து பார்த்தேன். மூன்றே கால் அடி. விதிப்படி அது போதாது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியதால்தான் கீழே இறங்கி வந்தேன்.

அப்படி இருந்தவனுக்குத்தான் சௌக்கத் அலி பாய் கிடைத்தார். எண்ணூர் நெடுஞ்சாலைக்குப் பின்னால், கேட், கிரில், இரும்புக் கட்டில்களுக்குப் பவுடர் பூச்சுப் போட்டு அடுப்பில் சுடும் கம்பெனி அவருடையது. ஆண்கள் பன்னிரண்டு பேர், பெண்கள் ஒன்பது பேர். அடுப்புக்கு அதுவரை சிலிண்டர்தான். பெரிய டேங்க் வைத்தால் வேலை கூடும், ஆனால் லைசென்ஸ் வேண்டும், பாதுகாப்பு தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும். டீக்கடையில் என் பேச்சைக் கேட்டுவிட்டு என்னைக் கூட்டிப்போனார். கேட்டில் வாட்ச்மேன் எழுந்து நின்று சல்யூட் வைத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசு என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பக்கத்தில் தூசுக்குப் பஞ்சமில்லை, யாரும் நம்புவார்கள்.

அளந்தேன். எங்கள் அளவு டேங்குக்குக் கட்டடத்திலிருந்து பதினைந்து மீட்டர் இடைவெளி வேண்டும். எல்லாப் பக்கமும் சரியாக வந்தது. பெண்களின் ஓய்வறை மட்டும் பதினொரு மீட்டர் நாற்பது சென்டிமீட்டரில் நின்றது. டேங்கை நகர்த்த இடமில்லை.

பாய் நல்ல மனுஷர். "எடம் பத்தலன்னா விட்ரலாம் சார். சிலிண்டரே போதும், இத்தினி நாளு ஓடல?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிலிண்டரே போதும் என்றால் நானும் வேண்டாம். மறுபடி பாரிமுனை பஸ். மறுபடி மொட்டைமாடி. "ரெண்டு நாள் குடுங்க பாய், இதைவிடப் பெரிய சிக்கலை நான் ஒரு கையால அவுத்திருக்கேன்" என்றேன்.

இரண்டு நாள் தேவைப்படவில்லை, ஒரு ராத்திரி போதுமாயிருந்தது. டேங்கை நகர்த்த முடியாது, சரி. கட்டடம் கட்டடமாக இல்லாமல் போனால்? நாலு சுவர் இருந்தால்தானே கட்டடம். சுவர்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நாலு தூண், மேலே ஒரு தகரம். வரைபடத்தில் அதற்கு நான் வைத்த பெயர் சைக்கிள் நிறுத்துமிடம்.

விதி அப்படிச் சொல்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். அப்படிச் சொல்லவில்லை. விதி எதற்காக அந்தப் பதினைந்து மீட்டரைக் கேட்கிறது என்பது என்னைவிட யாருக்குத் தெரியும். கேஸ் கசிந்தால் மேலே போகாது, காற்றைவிடக் கனம். தண்ணீர் மாதிரி தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். அந்த அறையோ, ரோடு ஏற ஏற உள்ளே ஓர் அடி இறங்கிப்போன அறை. சுவர் போனாலும் பள்ளம் போகாது. இது எனக்குத் தெரியும். வரைபடத்தில் பள்ளத்தைக் காட்டக் கோடு எதுவும் நான் போடவில்லை.

சுவரை இடித்த அன்று செங்கொடி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். வியாசர்பாடிக்காரி, பேக்கிங் பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி. "இன்னா நைனா, பொம்பளைங்க துணி மாத்துற வூட்ட இட்சிட்டு நிக்கிற? ரோட்ல போறவன் டிக்கெட் வாங்கினு பாக்கணுமா?" என்றாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போனது. "ஒரு மாசம் பொறு கண்ணு, உனக்கு அரண்மனை கட்டித் தர்றேன்" என்றேன். "அரண்மனைல கக்கூஸுக்குக் கதவு கீதா, அத்த மட்டும் சொல்லு" என்றாள்.

சோதனைக்கு வந்தவர் ஒழுங்கானவர். நாடாவை அவரே பிடித்து அளந்தார். அவர் பார்த்த இடத்தில் சுவர் இல்லை, ஐந்து சைக்கிள் இருந்தது. அதில் மூன்றுக்குச் செயின் கிடையாது, அதை யார் பார்க்கிறார்கள். லைசென்ஸ் வந்தது. பாய் எல்லோருக்கும் பிரியாணி போட்டார். அவர் மேல் தப்பு சொல்லாதீர்கள். கேட்டுக்கு உள்ளேயே, டேங்கிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி, புது ஓய்வறை கட்டச் செங்கல் கூட இறக்கிவிட்டார். "ஒரு பிளான் போட்டுக் குடுங்க சார், கொத்தனாரக் கூட்டியாறேன்" என்றார். செங்கல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பதினாலு மாதமாக நான் பிளான் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஏன் போடவில்லை என்பதைச் சொல்கிறேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பெண்கள் நனைந்துகொண்டு சாப்பிட்டார்கள். நான் ஊரெல்லாம் அலைந்து பழைய ஃப்ளெக்ஸ் பேனர்கள் வாங்கி வந்தேன். ஒன்று பிறந்தநாள் வாழ்த்து, ஒன்று காதுகுத்து, ஒன்று மஞ்சள் நீராட்டு, ஒன்று கண்ணீர் அஞ்சலி. நாலு பக்கமும் தொங்கவிட்டேன், கீழே இரும்புக் குழாய் கோத்து. மீன்பிடிக் கயிறும் கப்பியும் போட்டு, இரண்டு பேர் இழுத்தால் நாலு சுவரும் சுருண்டு மேலே ஏறுகிற மாதிரி செய்தேன். வலை இழுத்த பரம்பரை இல்லையா. கண்ணீர் அஞ்சலிப் பெரியவர் உள்பக்கம் பார்த்தபடி இருந்தார். "அந்தாளு மொறைக்கிறான் நைனா" என்று பட்டம்மாள் அவருக்கு முதுகைக் காட்டித்தான் புடவை மாற்றுவாள்.

அதிகாரி யாராவது திடீரென்று வந்தால்? அதற்கும் வழி செய்தேன். கேட்டருகில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு, பக்கத்தில் ஓர் இரும்புத் தடியை வைத்தேன். மூன்று அடி அடித்தால், எங்கே இருந்தாலும் மூன்று பெண்கள் ஓய்வறைக்கு ஓடிவர வேண்டும். செங்கொடியும் ஜெயஸ்ரீயும் கயிறு. ஜெயஸ்ரீ காத்திவாக்கத்துப் பெண், இருபத்துநாலு வயசு, கை அப்படி ஒரு பலம். கயிற்றைக் கட்டியதும் கொடியில் கிடக்கிற துணியை அள்ளி மூட்டையாக்கிவிட்டு, சைக்கிள்களை உள்ளே தள்ளிவிடுவார்கள். கடைசியாகப் பட்டம்மாள் கெட்டில் பிளக்கைப் பிடுங்கி, கெட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு "ஆச்சு" என்று கத்த வேண்டும். பிளக் முதலில் என்றுதான் நான் எழுதி வைத்திருந்தேன். "தண்ணி ஆறிப்பூடும் நைனா" என்று அவள்தான் கடைசிக்கு மாற்றிக்கொண்டாள்.

வாரம் ஒரு தடவை ஒத்திகை. நான் கைக்கடிகாரத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்தி வினாடி பார்ப்பேன். முதல் தடவை இரண்டு நிமிஷம் பத்து வினாடி, சிரித்துச் சிரித்தே பாதி நேரம் போனது. பிறகு ஒரு நிமிஷம். பிறகு நாற்பத்தைந்து. குறைந்தால் எல்லோருக்கும் பன் பட்டர் ஜாம். ஜெயஸ்ரீ கயிற்றை இழுக்கும்போது, எங்கப்பன் படகு இழுத்தாக்கூட இத்தினி வேகமில்லை என்பாள். ஒரு தடவை நிஜமாகவே அதிகாரி வந்தார். சைக்கிள் நிறுத்துமிடம் சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார். அவர் போனதும் ஒன்பது பெண்களும் என்னைச் சுற்றி உட்கார்ந்து சிரித்தார்கள். அன்றைக்குத் திமிங்கிலக் கதை சொன்னேன். ஒன்பது பேருக்கும் இரண்டு காதும் என் பக்கம் இருந்தது.

அம்மா, அந்தச் செங்கல்லில் சுவர் எழும்பியிருந்தால் இது எதுவும் இருந்திருக்காது. அவர்களுக்கு ஒரு நல்ல அறை இருந்திருக்கும். எனக்கு என்ன இருந்திருக்கும்?

கேஸ் கதைகள்தான் அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். பழைய கம்பெனியில் லாரி அளவு பெரிய கசிவை என் லுங்கியை அவிழ்த்து அடைத்து நிறுத்தினேன் என்பேன். "போன வாரம் கோணின்ன, இந்த வாரம் லுங்கின்ற. அட்த்த வாரம் எத்த அவுக்கப்போற?" என்பாள் செங்கொடி. ஒருநாள் சிரிப்பெல்லாம் அடங்கின பிறகு அவளே கேட்டாள், "மெய்யாலுமே இங்க லீக்காச்சின்னா நீ இன்னா பண்ணுவே நைனா?"

"நிறுத்தாம அடிப்பேன். கை கழண்டு கடல்ல விழுற வரைக்கும் அடிப்பேன்."

"அப்போ மூணு அட்ச்சா உள்ளாற, நிக்காம அட்ச்சா வெளிய. அதானே?"

"அதான்."

"கேட்டுக்கோங்கடி" என்றாள் மற்றவர்களைப் பார்த்து. பட்டம்மாள் விரல் விட்டு ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

சம்பவத்தன்று காலை பதினொன்று இருபது. டேங்கர் லாரி வந்து கேஸ் இறக்கிக்கொண்டிருந்தது. நான் கேட்டருகில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது பெண்களும் செங்கல் குவியலுக்கு எதிரே பேக்கிங் மேஜையில் இருந்தார்கள். இதை நீங்கள் எழுதிக்கொண்டீர்கள், ஆனால் அடிக்கோடு போடவில்லை. டேங்கிலிருந்து அறுபது மீட்டர். கேட் அவர்களுக்குப் பத்து எட்டு தூரம். ஓய்வறை அந்த நேரம் காலியாக இருந்தது. கெட்டில் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

குழாய் இணைப்பில் 'புஸ்' என்று ஒரு சத்தம். வெள்ளையாகப் புகை மாதிரி வந்தது. டிரைவர் கத்திக்கொண்டு வால்வைப் பிடிக்க ஓடினான். ஆண்கள் பன்னிரண்டு பேரும் வாசம் பட்டதுமே பின்பக்கத்துச் சுவர் ஏறிக் குதித்துவிட்டார்கள். வெள்ளைப் புகை மழைநீர்க் கால்வாய் ஓரமாக, அவசரமே இல்லாமல், ஓய்வறைப் பக்கம் நடந்துபோனது. பேனருக்குக் கீழே நுழைந்தது. நான் பார்த்தேன். உடனே தடியை எடுத்துத் தண்டவாளத்தை அடித்தேன். இதுவரைக்கும் உங்களிடம் சொன்னதுதான்.

டிரைவர் கொஞ்ச நேரத்தில் வால்வை மூடிவிட்டான். அதற்குள் ஓய்வறையில் தீப்பிடித்தது. பட்டம்மாள் அங்கேயே போய்விட்டாள். ஜெயஸ்ரீ மூன்றாம் நாள். செங்கொடி தீக்காயப் பிரிவில் இருக்கிறாள்.

மறுநாள் பேப்பரில் என் படம் வந்தது. மணியடித்துப் பதினெட்டுப் பேரைக் காப்பாற்றிய முதியவர். அந்த மூன்று பேர் மட்டும் பொருள்களை எடுக்க உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டார்களாம். திலீப் அதை எல்லோருக்கும் அனுப்பினான். அன்று ராத்திரி என்னெதிரே உட்கார்ந்து, இரண்டு காதிலிருந்தும் எடுத்துவிட்டு, "என்னப்பா ஆச்சு, முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றான். சொன்னேன். பக்கத்து வீட்டார் வந்தார்கள், அவர்களுக்கும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அடி கூடிக்கொண்டே போனது. ஐம்பது அடித்தேன், நூறு அடித்தேன், தடி வளைந்துவிட்டது, உள்ளங்கை கிழிந்துவிட்டது. வேண்டுமானால் என் உள்ளங்கையைப் பாருங்கள். ஒரு கீறல் கிடையாது.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். செங்கொடிக்குப் பேச்சு வரவில்லை. கட்டுப் போட்ட கையை மெதுவாகத் தூக்கினாள். வெளியே தெரிந்த மூன்று விரலை எனக்குக் காட்டினாள். பக்கத்திலிருந்த நர்ஸ், "கூட இருந்தவங்களையும் சேத்து மூணு பேரும் எப்படி இருக்காங்கன்னு கேக்குறாங்க" என்றாள். நான் தலையாட்டினேன். அவள் கையை இறக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு, மூன்று விரலையும் அப்படியே பிடித்திருந்தாள்.

விட்டுப்போன எண்ணிக்கை அதுதான் அம்மா. மூன்று. நான் மூன்றுதான் அடித்தேன்.

பதற்றத்தில் கை நின்றுவிட்டது என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். மூன்றாவது அடிக்குப் பிறகு கை நன்றாகத்தான் இருந்தது. நாலாவது அடிக்க ஒரு வினாடி போதும், அந்த ஒரு வினாடியில் நான் யோசித்ததைச் சொல்லிவிடுகிறேன். தீயணைப்பு வண்டி வரும். அதன் பின்னால் அதிகாரிகள் வருவார்கள். நாலு பேனரும் தொங்கிக்கொண்டிருக்கும். சைக்கிள் நிறுத்துமிடத்தில் புடவையும் கெட்டிலும் இருக்கும். டேங்கை எடுக்கச் சொல்வார்கள். சிலிண்டரே போதும் என்பார் பாய், சிரித்துக்கொண்டே. அதற்கு முன்னால் சுவர் மேலே ஏறிவிட வேண்டும். சுவர் ஏறினால் காற்றோட்டம் கிடைத்துக் கேஸும் கலைந்துபோகும் என்றுகூட எனக்குத் தோன்றியது. அதில் நியாயம் இருக்கிறதா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். சுவர் நாலும் ஏறத்தான் செய்தன. பள்ளம்தான் அப்படியே இருந்தது.

வாழ்நாள் முழுக்க எல்லாவற்றையும் கூட்டியே சொன்னவன், கூட்டி அடிக்க வேண்டிய ஒரே நாளில் குறைத்து அடித்தேன். வாசம் அவர்களுக்கும் வந்திருக்கும், ஆனால் லீக் என்றால் நான் நிறுத்தாமல் அடிப்பேன் என்று அவர்கள் என்னை நம்பினார்கள். மூன்று கேட்டதும், கேட் பத்து எட்டில் இருக்க, புடவையைச் செருகிக்கொண்டு என்னைத் தாண்டித்தான் உள்ளே ஓடினார்கள். தாண்டும்போது ஜெயஸ்ரீ, "நைனா, இன்னிக்கு பன்னு எடுத்து வெய்யி" என்றாள். நான் சிரித்தேன். பழக்கம்.

இன்னொன்றும் பழக்கம். அடித்து முடித்ததும் கடிகாரத்தை அழுத்தினேன். பட்டம்மாள் குனிந்து பிளக்கைப் பிடுங்கி, அதில் பொறி தெறித்தபோது நிறுத்தினேன். "ஆச்சு" என்று அவள் கத்த வரவில்லை, அதனால் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. முப்பத்துநாலு வினாடி. கடிகாரத்தை இத்துடன் ஒப்படைக்கிறேன், சரிபார்த்துக்கொள்ளலாம். இந்த ஒன்றை நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

அவர்கள் செய்ததிலேயே அதுதான் குறைந்த நேரம். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. செங்கொடி கொஞ்சம் தேறட்டும், நானே போய்ச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறேன். கேட்டால் சந்தோஷப்படுவாள்.